பாரதி வேடமும் செங்கோட்டைச் சுப்பையாவும்

நடிகர் ஒருவர் நூறு வேடங்கள் புனையலாம். மக்கள் நெஞ்சில் நிலைப்பவை ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்று அவர் வாழ்வின் போக்கையே மாற்றிவிடுவதும் உண்டு. அறிஞர் அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்த கணேசனுக்குத் தந்தை பெரியார் வாயால் 'சிவாஜி' என்னும் பெயர் கிடைத்தது. 1952இல் 'பராசக்தி'யின் குணசேகரன் வேடம் அவரை ஒரே படத்தில் முன்னணிக் கதாநாயகராக்கியது.

கதாநாயகருக்கு இது இயல்பு. துணைப் பாத்திரம் ஏற்பவருக்கு வாய்ப்பதோ அரிது. அவ்வரிய பேறு பெற்றவர் செங்கோட்டை எஸ். வி. சுப்பையா. 1961இல் பி. ஆர். பந்துலு இயக்கிய 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சிவாஜி சிதம்பரனாராகவும், டி. கே. சண்முகம் சிவாவாகவும் நடிக்க, பாரதியாராகத் தோன்றினார் சுப்பையா.

அவ்வேடம் எளிதன்று. பாரதியார் மறைந்து நாற்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. அவரை நேரில் கண்டவர்கள் இன்னும் வாழ்ந்திருந்தனர். ஆயினும் அவர் குரல் எந்த ஒலித்தட்டிலும் பதிவாகவில்லை. எஞ்சியவை சில நிழற்படங்களே. தலைப்பாகையையும் மீசையையும் படத்தைப் பார்த்து அமைத்துவிடலாம். நடையையும் குரலையும் சீற்றத்தையும் நடிகரே தம் உள்ளத்திலிருந்து படைத்தாக வேண்டும். சுப்பையா அதனைப் படைத்தார்.

நம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதை கீழக்கடையம் வழியாகச் செங்கோட்டையை அடைகிறது. செல்லம்மாள் பிறந்ததும், 1918 முதல் 1920 வரை பாரதியார் தங்கியதுமான கடையமும், திரையில் அவருக்கு உருவம் தந்தவரின் ஊரும் ஒரே தடத்தில் அமைந்தது நமக்கெல்லாம் பெருமையே.

படம் வெளிவந்தபோது வசூலில் வெற்றி பெறவில்லை. வேடமோ நின்று நிலைத்தது. அதே 1961இல் 'பாவமன்னிப்பு' படத்தில் ஜேம்ஸாகவும், 1973இல் 'அரங்கேற்றம்' படத்தில் வறுமையில் வாடும் தந்தையாகவும் அவர் சிறந்து விளங்கினார். ஜெயகாந்தனின் 'கைவிலங்கு' கதையை 1969இல் 'காவல் தெய்வம்' என்னும் படமாகத் தாமே தயாரித்தார். 1971இல் 'ஆதிபராசக்தி'யில் அபிராமி பட்டராகி மீண்டும் ஒரு கவிஞருக்கு உடல் தந்தார். ஆயினும் 1980இல் அவர் மறைந்த பின்னரும் அவர் பெயரைக் கேட்டவுடன் நினைவில் எழுவது பாரதி வேடமே. ஒரு வேடம் நடிகரை உயர்த்தும். அவருடைய பிற உழைப்பைத் தன் நிழலில் மறைக்கவும் செய்யும்.

கவிஞர்களாகிய நாம் எண்ண வேண்டியது மற்றொன்றும் உண்டு. சுப்பையாவின் முகம் பாரதியின் முகமாகவே பலர் நெஞ்சில் பதிந்துவிட்டது. நூலைத் தொடாதவர்க்கும் கவிஞரை அறிமுகம் செய்தது அம்முகம். அறிமுகம் முடிந்த இடத்தில் படிப்புத் தொடங்க வேண்டும். முகத்தைத் திரை தந்தது. பாட்டைத் தேடிச் செல்லும் கடமை நம்முடையது.