லைப்சிக் கயிறும் நான்காம் பரிமாணமும்

"கம்பெனி புராணம் மட்டும் வேண்டாம்" என்று மலர்க் குழு நண்பர்கள் நிபந்தனை போட்டுவிட்டார்கள். ஆகவே ஒரு கயிற்றின் கதை.

வேற்றுப் பரிமாணத்திலிருந்து யாராவது வந்தால் நம் இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்படுவார்களா? ஹாஸ்டல் மொட்டைமாடியில் நாம் விடிய விடியப் பேசியும் தீராத சப்ஜெக்ட். இதைச் சோதனை போட்டே பார்த்துவிடத் துணிந்தவர் லைப்சிக் பல்கலைக்கழகத்து வானியற்பியல் பேராசிரியர் ஸோல்னர்.

மேஜையில் கிடக்கும் ரப்பர் பாண்டுக்குள் ஓர் எறும்பு. பாண்டைத் தாண்டாமல் அதை வெளியே கொண்டுவர வேண்டுமென்றால், மேலே தூக்கி அப்பால் வைத்தால் போதும். அதுபோல, இரு முனையும் சேர்த்து ஒட்டிய கயிற்றில் முடிச்சுப் போட நமக்கு வழியில்லை. நான்காவதாக ஒரு திசை இருந்தால் உண்டு. கணிதப்படி இது சரிதான். அங்குள்ளவர்கள் விதியை மீறவில்லை, பெரிய இடத்து விதிப்படி நடக்கிறார்கள் என்பது ஸோல்னரின் கட்சி.

1877 டிசம்பர் 17-ல் ஹென்றி ஸ்லேட் என்ற அமெரிக்க ஆவி மீடியத்தை உட்காரவைத்து, முனைகளில் அரக்கு முத்திரை வைத்த கயிற்றைக் கொண்டுவந்தார். சில நிமிடங்களில் நான்கு முடிச்சு! முந்தைய வருஷம்தான் லண்டன் கோர்ட்டில் ஸ்லேடுக்கு மூன்று மாதத் தண்டனை விதித்து, அப்பீலில் சட்ட நுணுக்கத்தால் தப்பித்திருந்தார். இருந்தும் அவருடைய அமர்வுகளுக்கு வில்ஹெல்ம் வெபர் வந்தார். ஆமாம், நாம் காந்தப் பாயத்துக்கு அலகாகப் படித்தோமே, அதே வெபர்தான்.

ஸோல்னர் ஏமாளி அல்ல. இன்னும் கடினமான சோதனைகளையும் யோசித்து வைத்தார். வெவ்வேறு மரத்தில் கடைந்த இரண்டு வளையங்களை உடைக்காமல் ஒன்றுக்குள் ஒன்று கோக்க வேண்டும். நத்தை ஓட்டின் சுழியைத் திருப்ப வேண்டும். நம் பாஷையில் இடம்புரியை வலம்புரியாக்குவது. (முடிந்திருந்தால் ஸ்லேட் நம்ம ஊரில் கோடீஸ்வரர்!) சுழி திரும்பவில்லை. வளையங்களும் கோத்துக்கொள்ளவில்லை, சின்ன மேஜை ஒன்றின் காலில் மாட்டிக்கொண்டு கிடந்தன. போல்ட் கேட்ட இடத்தில் அழகான நட் வந்தால் நாம் லாட்டையே ரிஜெக்ட் செய்வோம். ஸோல்னர் பாஸ் போட்டார். 1882-ல் 47 வயதிலேயே இறந்துபோனார்.

அவர் தொடாத பக்கத்தை 1917-ல் எரன்ஃபெஸ்ட் கணக்குப் போட்டார். நான்கு திசையுள்ள வெளியில் ஈர்ப்பு, தூரத்தின் வர்க்கத்துக்குப் பதில் கன அளவில் குறையும். கோள்களின் பாதை நிலைக்காது. லேசாகத் தட்டினாலே சூரியனில் விழும், இல்லை ஓடிப்போகும். அணுவுக்கும் இதே கதி. ஆக, அங்கே ஒருவருக்கு உடம்பு இருக்க வேண்டுமானால் நம்முடைய விதிகளை அப்படியே பெரிதாக்கினால் போதாது, விதிகளே வேறாக இருக்க வேண்டும்.

2020-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 52 மைக்ரான் தூரம் வரை ஈர்ப்பை அளந்தார்கள். வர்க்க விதி அசையவில்லை. சுருண்ட கூடுதல் பரிமாணம் ஒன்று இருந்தாலும் அது 30 மைக்ரானுக்குள்தான் என்கிறது கணக்கு. முடிச்சு விழ, கயிறு தன் தடிமன் அளவாவது அந்தத் திசையில் விலக வேண்டும். ஸோல்னர் கயிற்றின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் என்றே வையுங்கள். அது 1000 மைக்ரான்.