கைகர் எண்ணி பிறந்த கதை

கதிரியக்கத்தை முதலில் எண்ணியது கருவி அல்ல, மனிதக் கண்தான். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் இருட்டறையில் ஹான்ஸ் கைகர் மைக்ரோஸ்கோப்பில் கண் பதித்து உட்கார்ந்திருப்பார். துத்தநாக சல்பைடு பூசிய திரையில் ஆல்பா துகள் மோதும்போதெல்லாம் ஒரு பொட்டு வெளிச்சம் தோன்றி மறையும். அதை எண்ண வேண்டும். கண் இருட்டுக்குப் பழகவே வெகுநேரம் ஆகும். எண்ணத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கண் சோர்ந்துவிடும். அவருடைய பேராசிரியர் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு இரண்டே நிமிடத்தில் பொறுமையிழந்து எழுந்துவிட்டதைத் தாமே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கைகரோ விட்டுவிட்டு இரவெல்லாம் எண்ணக்கூடியவர்.

1908இல் இருவரும் சேர்ந்து ஒரு குழாய் செய்தார்கள். பித்தளைக் குழாய், நடுவே மெல்லிய கம்பி, உள்ளே குறைந்த அழுத்தத்தில் வாயு, குழாய்க்கும் கம்பிக்கும் இடையே உயர்ந்த மின்னழுத்தம். உள்ளே நுழையும் ஒரு துகள் வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கும். கம்பியை நோக்கிப் பாயும் அவை வழியில் மேலும் எலக்ட்ரான்களைப் பிரித்துப் பெருகும். அளவுமானி முள் ஒருமுறை துள்ளும். அருமையான யோசனை. ஆனால் நிமிடத்துக்குச் சில துகள்களைத்தான் அதனால் எண்ண முடிந்தது. 1909இல் எர்னஸ்ட் மார்ஸ்டனோடு கைகர் செய்த புகழ்பெற்ற தங்கத் தகடு சோதனைக்கும் கண்தான் கைகொடுத்தது.

கருவி தேற இருபது ஆண்டுகள் பிடித்தன. 1928இல் ஜெர்மனியின் கீல் நகரில் கைகரும் அவருடைய மாணவர் வால்தர் முல்லரும் பீட்டா, காமா கதிர்களையும் உணரும் குழாயை உருவாக்கினார்கள். அதில் ஒரு குறை தெரிந்தது: அருகில் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லாதபோதும் குழாய் துடித்தது. வேறொருவராக இருந்தால் பழுது என்று ஒதுக்கியிருப்பார். முல்லர் குழாயைச் சுற்றிக் கனத்த உலோகத்தை அடுக்கிப் பார்த்தார், துடிப்பு குறைந்தது. அப்படியானால் கோளாறு குழாயில் இல்லை. வெளியிலிருந்து, விண்வெளியிலிருந்தும்கூட, கதிர்கள் வந்துகொண்டே இருந்திருக்கின்றன. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இன்றைய ஆய்வகப் பழக்கத்தின் முதல் படி அங்கிருந்தே வருகிறது. கதிரியக்க மூலத்தை எடுப்பதற்கு முன் வெறும் அறையை எண்ணி, அந்தப் பின்புல எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். பின்புலம் இடத்துக்கு இடம் மாறும். மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் கலந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது மற்ற இடங்களைவிட அதிகம். நேரமும் தேவை: 100 துடிப்பு எண்ணினால் பிழை பத்து சதவீதம், 10,000 எண்ணினால் ஒரே சதவீதம்.

கருவிக்கும் ஒரு களைப்பு உண்டு. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் குழாய் நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு எதையும் உணராது. கதிர்வீச்சு மிகக் கடுமையானால் சில வகைக் கருவிகள் திணறி, குறைவாகவோ பூஜ்யமாகவோ காட்டிவிடும். ஆகவே மாணவர்களே, வலுவான மூலத்தை நெருங்கும்போது டிக் டிக் ஒலி திடீரென்று அடங்கினால், உடனே பின்வாங்குங்கள்.