அல்லிராணிக் கோட்டையிலிருந்து ஓர் அரசியற் பாடம்

அரிப்புக் கடற்கரையில், அலை அரித்த மேட்டின் விளிம்பில், இடிந்த மாளிகை ஒன்று நிற்கிறது. எமது மக்கள் அதனை அல்லிராணிக் கோட்டை என்பர். மாணவரை அங்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம் அவர்கள் அல்லியின் கதையையே முதலிற் கேட்கிறார்கள். எவர்க்கும் பணியாத அரசியின் கதை இனியதுதான். ஆனால் அம்மாளிகையைக் கட்டியவள் அல்லியல்லள். இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த். முத்துச் சலாபத்தை அருகிருந்து கண்காணிக்கவென 1801க்கும் 1804க்கும் இடையில் அவர் அதனைக் கட்டுவித்தார்.

அக்காலத்தில் முத்துப் பார்கள் அரசின் தனியுடைமை. எப்போது குளிக்கலாம், எத்தனை தோணி இறங்கலாம், வருவாய் எவரைச் சேரும் என்பனவெல்லாம் மேலிடத்து ஆணைகள். மூச்சடக்கி மூழ்கிய குளிகாரனிடம் எவரும் கருத்துக் கேட்டதில்லை. தேசாதிபதியின் கட்டளையே சட்டம்; அதனை நிறைவேற்றியவரும் அவரே. அவரைக் கேள்வி கேட்கச் சட்டசபை என்று ஒன்று இருக்கவில்லை. அத்தகைய சபை இந்நாட்டில் அமைந்தது 1833இலேதான். அதிலும் மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை.

இந்த நோர்த்தின் தந்தை, 1770 முதல் 1782 வரை பிரித்தானியப் பிரதமராய் இருந்த நோர்த் பிரபு. அவருடைய ஆட்சியிலேயே பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்களும் 1776இல் விடுதலைப் பிரகடனஞ் செய்தன. தந்தையின் கையினின்றும் அமெரிக்கா நழுவியது. மகனின் கையில் எமது கரை அகப்பட்டது. ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகளுள் அதிகாரத்தைப் பற்றிய இருவேறு பாடங்கள் அடங்கியுள்ளன. அமெரிக்க அரசியலமைப்பை மன்னார்க் கரையோரத்து மாணவன் ஏன் கற்கவேண்டும் என்று வினவுவோர்க்கு இதுவே எமது முதல் விடை.

1787இல் பிலடெல்பியா நகரிற் கூடியோர் வகுத்த யாப்பின் அடிப்படை எளியது. சட்டம் இயற்றுவோர் ஒரு சாரார். அதனை நிறைவேற்றுவோர் மற்றொரு சாரார். வழக்குத் தீர்ப்போர் வேறொரு சாரார். காங்கிரஸ் இயற்றும் சட்டத்தை ஜனாதிபதி மறுக்கலாம். மூன்றில் இரு பங்கினர் சேர்ந்தால் அம்மறுப்பைக் காங்கிரஸ் மீறலாம். குற்றமிழைத்த ஜனாதிபதியைப் பதவியினின்றும் நீக்கலாம். 1791இல் உரிமைகள் பத்துத் திருத்தங்களாகச் சேர்க்கப்பட்டன. 1803இல், அரிப்பில் மாளிகை எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், மார்பரி எதிர் மடிசன் வழக்கிலே பிரதம நீதியரசர் மார்ஷல், யாப்புக்கு முரணான சட்டம் சட்டமேயன்று என்று தீர்த்தார்.

இவ்வளவோடு நிறுத்தினால் அது துதிபாடலாகிவிடும். பிலடெல்பியாவிற் கூடியோருள் அடிமைகளும் இல்லை, பெண்களும் இல்லை, அம்மண்ணின் பழங்குடிகளும் இல்லை. பிரதிநிதித்துவத்தைக் கணக்கிடும்போது அடிமை ஒருவன் ஐந்தில் மூன்று பங்கு மனிதனாக எண்ணப்பட்டான். கறுப்பு மக்கள் குடிகள் ஆகமாட்டார்கள் என்று 1857இல் டிரெட் ஸ்கொட் வழக்கிலே அதே நீதிமன்றம் தீர்த்தது. உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கானோர் மாண்ட பின்னரே, அம்மண்ணிற் பிறந்தோர் குடிகளென்றும், சட்டத்தின் சமபாதுகாப்பு எவர்க்கும் உண்டென்றும் 1868இல் பதினான்காம் திருத்தம் கூறிற்று. அத்திருத்தம் ஏட்டில் இருக்கவே, 1896இல் இனப் பிரிவினையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1954இல் பாடசாலைப் பிரிவினையை அந்நீதிமன்றமே செல்லாதென்றது. இடையிற் கழிந்தவை ஐம்பத்தெட்டு ஆண்டுகள். ஏட்டிலிருந்த எழுத்து மாறவில்லை. மாறியது மக்களின் போராட்டத்தால் உருவான வலு.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1947இன் சோல்பரி யாப்பிலே 29ஆம் பிரிவு என ஒன்று இருந்தது. எந்தவோர் இனத்தவர்க்கோ மதத்தவர்க்கோ மற்றையோர்க்கில்லாத தடையை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்பது அதன் சாரம். சிறுபான்மையோர் அதனைத் தம் கேடயமென நம்பினர். ஆனால் யாப்பு நடைமுறைக்கு வந்த மறு ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர்; 1949இன் தேர்தற் சட்டத் திருத்தம் அவர்தம் வாக்கையும் பறித்தது. கொடக்கன் பிள்ளை என்பார் வழக்கிட்டார். 1953இல் இலண்டன் கோமறைக் கழகம், இச்சட்டம் ஓர் இனத்தைக் குறித்ததன்று, குடியுரிமைத் தகுதியையே வகுப்பது என்று கூறி அவருக்கெதிராகத் தீர்த்தது. டிரெட் ஸ்கொட் தீர்ப்பையும் இதனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்குக. உரிமையின் வீட்டை எவ்வளவு உறுதியாகக் கட்டினும், குடியுரிமை என்னும் வாயிலைப் பெரும்பான்மையே பூட்டித் திறக்குமாயின் வெளியே நிற்பவனுக்கு அவ்வீட்டாற் பயனில்லை. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்.

அடுத்து மொழி. சிங்களம் மட்டும் என்ற 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சிங்களத் தேர்வுக்குத் தோற்ற மறுத்த எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. 1964இல் மாவட்ட நீதிமன்றம் 29ஆம் பிரிவைக் காட்டி அவர் பக்கம் தீர்த்தது. 1967இல் மேல்முறையீட்டிலே, அரச ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்கிட இயலாதெனக் கூறி உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. 1969இல் கோமறைக் கழகம் அக்காரணத்தை நிராகரித்து, மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினாவைத் திருப்பி அனுப்பியது. அவ்வினாவுக்கு இந்நாட்டு நீதிமன்றம் இறுதிவரை விடை கூறவில்லை.

இதே யாப்பின் கீழ் வேறொரு வழக்குக்கு விடை விரைவில் வந்தது. 1962இல் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தனரெனப் படை, பொலிஸ் உயரதிகாரிகள் பிடிக்கப்பட்டனர். அவர்களைத் தண்டிக்கவென்றே, நடந்து முடிந்த செயலுக்கு முன்தேதியிட்டுப் பாராளுமன்றம் சட்டமியற்றியது. இது நீதிமன்றத்தின் அதிகாரத்தை அபகரிப்பது என 1965இல் கோமறைக் கழகம் லியனகே வழக்கில் தீர்த்து, தண்டனைகளை நீக்கியது. அதிகாரப் பிரிவினை என்னும் தத்துவம் எம் நாட்டில் ஒளிவிட்ட தீர்ப்பு அது. கொள்கையளவில் அது சரியானதே. ஆயினும் சதிக் குற்றஞ் சாட்டப்பட்ட அதிகாரிகளைக் காத்த தத்துவம், கொழுந்து கிள்ளிய தொழிலாளியைக் காக்கவில்லை என்பதை வரலாற்று ஆசிரியன் மறைக்கலாகாது.

இங்கே எமது அணியினரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய வினா ஒன்றுண்டு. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பை ஆக்கியவர் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1956இல் மொழிச் சட்டத்தைத் துணிந்து எதிர்த்தவர் அவர். ஆனால் அவர் வரைந்த யாப்பில் 29ஆம் பிரிவு இல்லை. சட்டவாக்கம், நிறைவேற்றல், நீதி மூன்றும் தேசிய அரசுப் பேரவை ஒன்றின் வழியே செலுத்தப்படுமென அது வகுத்தது. இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் கேள்வி கேட்பதும் தடுக்கப்பட்டது. மக்கள் தெரிந்த சபையை மேட்டுக்குடி நீதிபதிகள் ஏன் தடுக்கவேண்டும் என்பதே அன்றைய வாதம். அது வெறும் வாதமன்று: 1905இல் ரொட்டித் தொழிலாளரின் வேலை நேரத்தை வரையறுத்த நியூயோர்க் சட்டத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் முதலாளிகளின் பக்கம் நின்று வீழ்த்தியதை நாம் அறிவோம். எனினும், சபையிற் பெரும்பான்மை என்பது உழைப்போரின் பெரும்பான்மையன்று, ஓர் இனத்தின் பெரும்பான்மையாகவும் ஆகலாம் என்ற உண்மையை எம் முன்னோடிகள் எடைபோடவில்லை. அவர்கள் குவித்து வைத்த அதிகாரத்தை, 1978இல் ஜே. ஆர். ஜயவர்தன நிறைவேற்று ஜனாதிபதி என்னும் ஒரு மனிதனின் கைக்கு மாற்றினார். ஜனாதிபதி என்ற பெயர் அமெரிக்காவிலும் உண்டு. அங்குள்ள தடைகள் இங்கு வரவில்லை. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் சோதிக்கும் வழியும் மூடியே இருந்தது.

அந்த 1978ஆம் ஆண்டு யாப்பு, விரும்பிய இடத்தில் வாழும் உரிமையைக் குடிமகனுக்கு வழங்குகிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோரை வெளியேற்றியபோது, சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் இருந்தோர் கையிற் கிடைத்ததோடு புத்தளக் கரைக்குப் போயினர். இன்று எமது வகுப்பறைகளிற் கற்பிப்போர் சிலரும் அகதி முகாம்களில் அரிச்சுவடி பயின்றவர்களே. அடிப்படை உரிமை மனுவோ, அரசின் நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிராக மட்டுமே, ஒரு மாதத்துக்குள், உயர் நீதிமன்றத்திலே இடப்படவேண்டியது. துப்பாக்கி ஏந்தியோர் அரசல்லர். ஒரு மாதத்துக்குள் ஓலைக் குடிசைக்கே வழி பிறக்கவில்லை. 2007இல் முள்ளிக்குளத்து மக்கள் வெளியேற்றப்பட்டு அவ்வூரிற் கடற்படை முகாம் அமைந்தபோது, செய்தது அரசே. அப்போதும் ஏழைக்குக் கொழும்பு தொலைவு. 2017 மார்ச்சில், மாவில்லு என்ற பெயரில் முசலியின் பரந்த நிலப்பரப்பைப் பேணற் காடாக்கும் வர்த்தமானி வெளிவந்தது. காடு காக்கப்படவேண்டியதே; ஆனால் திரும்பி வந்து காணி கேட்டு நின்றோரை அழைத்துப் பேசாமல் ஒரு கையொப்பம் எல்லை வரைவது, அரிப்பு மாளிகையின் பழைய முறையை நினைவூட்டுகிறது.

ஆயினும் நம்பிக்கையிழக்க நியாயமில்லை. 2018 நவம்பரில் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தபோது, டிசம்பர் 13ஆம் நாள் ஏழு நீதியரசர்கள் ஒருமித்து அது யாப்புக்கு முரணென்றனர், ஜனாதிபதி பணிந்தார். தடை இயங்கும்போது ஒரு மனிதனின் விருப்பம் நாட்டின் விதியாவதில்லை என்பதை மாணவர் தம் கண்ணாலேயே கண்டனர். அத்தடை கொழும்பின் அரசியல்வாதிக்கு எட்டியது போன்று முள்ளிக்குளத்து மீனவனுக்கும் எட்டவேண்டும். நிறைவேறிய சட்டத்தையும் சோதிக்கும் நீதிமன்றம், ஏழையும் அணுகத்தக்க கால எல்லை, காணி பற்றிய முடிவிலே உள்ளூர் மக்களின் குரல்: இம்மூன்றுமே எமது கோரிக்கை.

சென்ற முறை அரிப்பு மேட்டில் நின்றபோது மாணவி ஒருத்தி, "சேர், குளிகாரர் ஒருவரும் தேசாதிபதிமேல் வழக்குப் போடவில்லையா?" என்று கேட்டாள். எங்கே போய்ப் போடுவது என்று நாம் திருப்பிக் கேட்டோம். அவள் சிறிது நேரம் கடலைப் பார்த்தாள்; பின்னர் அதனைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.