தேயிலை வகைப்பாட்டில் பூப்பண்புகள்

தேயிலை (கமேலியா சினென்சிஸ்) செடிகளை இனம் பிரித்து, கலப்பினப் பெருக்கத்துக்கான பெற்றோரைத் தேர்வதில் பூவின் அமைப்பு முக்கியச் சான்றாகும். தேயிலை அயல்மகரந்தச் சேர்க்கையுடையது. தன் மகரந்தத்தால் மிகக் குறைவாகவே காய்க்கும். இதனால் சீன, அசாம், கம்போடிய வகைகள் தோட்டங்களில் பெரிதும் கலந்துவிட்டன. இலையின் அளவும் நிறமும் மண், நிழல், கவாத்து ஆகியவற்றுக்கேற்ப மாறும். பூவின் உறுப்புகள் அவ்வளவாக மாறுவதில்லை.

நோக்கப்படும் பண்புகள்: பூவின் விட்டம், பூக்காம்பின் நீளம், புல்லிவட்டத்தின் வெளிப்புற மயிர்கள், சூல்பையின் மயிர்கள், சூல்தண்டின் நீளம், அது பிளவுபடும் இடம், மகரந்தத்தாள்களோடு ஒப்பிடும்போது சூல்முடி நிற்கும் உயரம். தேயிலையின் சூல்பை பெரும்பாலும் மூன்று அறைகளைக் கொண்டது. அதன் காட்டு உறவான கமேலியா தாலியென்சிஸில் ஐந்து அறைகள் உண்டு.

அசாமின் டொக்லாய் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த டபிள்யூ. வைட் 1962இல் வெளியிட்ட திருத்திய வகைப்பாடு இத்துறையில் அடிப்படையானது. 1997இல் வெளியான, தேயிலையின் பண்புகளைப் பதிவதற்கான பன்னாட்டு விவரிப்பிகளின் பட்டியலிலும் பூப்பண்புகள் இடம்பெற்றுள்ளன.

தொடர்ந்து கொழுந்து பறிக்கப்படும் செடிகள் அரிதாகவே பூப்பதால், ஆய்வுச் செடிகளைப் பறிக்காமல் வளரவிட வேண்டும். கலப்பினச் செடிகளில் இடைப்பட்ட பண்புகள் தோன்றுவதால், இன்று பூப்பண்புகளுடன் மரபணுக் குறிப்பான்களும் சேர்த்தே பயன்படுத்தப்படுகின்றன.