வன்னிக் கள்ளின் சுவையறிதல்

வன்னிக் கள்ளின் சுவையறிதல் என்பது இலங்கையின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் பனங்கள்ளையும் தென்னங்கள்ளையும் மரத்துக்கு மரம், வேளைக்கு வேளை ஒப்பிட்டுத் தரம் சொல்லும் வழக்கம். இதற்கென்று சங்கமோ சான்றிதழோ கிடையாது. கள்ளுக்கடையான தவறணையின் வாங்கில் இருப்பவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது காலமைக் கள்ளு இல்லை" என்று சொல்வதுதான் தீர்ப்பு. விஸ்கிப் பிரியர்கள் பன்னிரண்டு வருடம், பதினெட்டு வருடம் என்று வயதை ஒப்பிடுவார்கள். கள்ளுக்காரர் ஒப்பிடுவது மணித்தியாலங்களை.

காரணம் எளிது. பனம்பாளையைச் சீவினால் வடிவது இனிப்பு நீர். அதில் பத்து வீதத்துக்கு மேல் சர்க்கரை. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது இனிப்பாகவே நிற்கும். அதுதான் கருப்பநீர், தமிழ்நாட்டில் பதநீர். காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால், முட்டியிலும் காற்றிலும் உள்ள நொதியமும் பக்டீரியாவும் மரத்தில் தொங்கும்போதே வேலையைத் தொடங்கிவிடும். யாரும் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. சர்க்கரை மதுசாரமாகி, நன்கு நொதித்த கள்ளில் அது ஏறத்தாழ 5 வீதமாகும். பியரின் அளவு என்று சொல்லலாம். அங்கேயே நின்றுவிடாது: இலத்திரிக் அமிலம் புளிப்பைக் கொடுக்கும், பின்னர் அசற்றிக் அமில பக்டீரியா ஆட்சியைப் பிடிக்கும். மறுநாள் முட்டியில் இருப்பது வினாகிரிக்குப் பக்கத்து வீடு.

ஆகவே நேரம்தான் முதல் அளவுகோல். சீவல் தொழிலாளி தளநாரைக் காலில் மாட்டிக்கொண்டு காலையும் பின்னேரமும் மரம் ஏறுகிறார். இரவுக் குளிரில் சேர்ந்த காலைக் கள்ளில் இனிப்பும் நுரையும் முன்னே நிற்கும். பங்குனி, சித்திரை வெய்யிலில் சேர்ந்த பின்னேரக் கள்ளு வேகமாகப் புளித்து வெறி ஏறியிருக்கும். இரண்டில் எது மேல் என்று கேட்டால், கேட்டவர் குடிக்க வந்தாரா ருசிக்க வந்தாரா என்பதைப் பொறுத்தே பதில் வரும்.

இரண்டாவது அளவுகோல் முட்டி. பழைய மண்டி ஒட்டிய முட்டியைக் கழுவாமல் கட்டினால் நொதிப்பு முந்திக்கொள்ளும். நன்றாகக் கழுவிக் காயவைத்த முட்டியில் அது மெல்லத்தான் எழும். ஒரே மரத்துக் கள்ளு இரண்டு கைகளில் இரண்டு ருசியாவதற்கு இது ஒரு காரணம். ஆகவே வன்னியில் 'எந்த மரம்?' என்ற கேள்வியோடு 'யார் சீவினது?' என்ற கேள்வியும் சேர்ந்தே வரும்.

மரத்தைப் பற்றிய வாதம் முடிவில்லாதது. ஆண்பனை, பெண்பனை இரண்டும் சீவப்படுகின்றன. எது உயர்ந்தது என்பதில் எந்த வாங்கிலும் ஒருமனம் வந்ததில்லை. ஆனால் பல மரத்துக் கள்ளைச் சேர்த்து ஊற்றியதைவிடத் தனிப்பனைக் கள்ளுக்கு மதிப்பு அதிகம் என்பதில் தகராறு குறைவு. ஸ்கொட்லாந்துக்காரர் ஒரே பீப்பாய் விஸ்கியைத் தனியே போத்தலில் அடைத்துக் கூடின விலைக்கு விற்பதும் இதே ஆசைதான். பனங்கள்ளின் கனத்துக்கும் மண் மணத்துக்கும் பழகிய நாக்குக்குத் தென்னங்கள்ளு மெலிதாகத் தோன்றும். பளைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

குடிக்கும் பாத்திரமும் சும்மா இல்லை. பச்சைப் பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் ஊற்றினால் ஓலையின் வாசமும் சேரும். பிளாஸ்ரிக் கோப்பையில் அது வராது. பக்கத்தில் பொரித்த மீன், கருவாடு, அவித்த கடலை. முல்லைத்தீவுக் கரையென்றால் நந்திக்கடல் இறால். உறைப்புக் கூடினால் கள்ளின் நுட்பமான ருசிகள் மங்கிவிடும். தண்ணீரும் சீனியும் கலந்த மட்டக் கள்ளு உறைப்பான கறிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும் இதனால்தான். தரம் பார்க்க விரும்புகிறவர் முதல் வாயைக் கறி தொடாமல் குடிப்பது நல்லது.

இந்த ருசிக்குப் பின்னால் சட்டமும் சாதியும் இருக்கின்றன. இலங்கையில் மதுவை ஒழுங்குபடுத்தும் மூலச்சட்டம் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். கள்ளும் அதன் கீழ்தான்; அனுமதி இல்லாமல் சீவினாலும் விற்றாலும் குற்றம். 'தவறணை' என்ற சொல்லே ஐரோப்பியர் விட்டுச்சென்றது. மரமேறியவரின் கள்ளை ருசித்துப் பாராட்டிய ஊர், அவரைச் சாதியின் பேரால் வீட்டுப் படிக்கு வெளியே நிறுத்தியது. தொழிலாளர் தங்களுக்கென்று பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்துத் தவறணைகளையும் விற்பனையையும் நடத்தத் தொடங்கியது இந்த வரலாற்றில் பெரிய திருப்பம். 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. வடமராட்சியிலுள்ள திக்கம் வடிசாலை பனங்கள்ளை வடித்துப் பனஞ்சாராயம் ஆக்கியது.

போரில் பனை பட்ட பாடு தனி. பதுங்குகுழிகளுக்கு மூடு மரமாக வன்னியில் வெட்டப்பட்ட பனைக்குக் கணக்கில்லை. எறிகணையில் தலை போய் நின்றவையும் பல. ஒரு பனை பாளை தள்ளப் பத்துப் பதினைந்து வருடமாவது வேண்டும். 2009க்குப் பிறகு நட்ட விதைகளில் முந்தியவையே இப்போதுதான் சீவும் பருவத்துக்கு வருகின்றன.

சாராயத்தை ஒப்பிடுவது வேறு கலை. இலங்கைச் சாராயத்தில் பேர்பெற்றது தென்னங்கள்ளிலிருந்து வடிப்பது. நல்லவை ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் கிடந்து முதிர்கின்றன. மரவியாபாரத்தில் 'திருகோணமலை மரம்' என்று பெயர் வாங்கியது இதுதான். கொழும்பு விடுதிகளில் சாராயத்தைத் தேசிக்காய்ச் சாறும் சீனிப்பாகும் சேர்த்துக் கொக்ரெயிலாகக் கலக்குகிறார்கள். சாதாரண வீட்டு விருந்தில் இஞ்சி பியர் போதும். ஐரோப்பியர் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து குடித்த 'பஞ்ச்' என்ற கலவையில் ஆசியச் சாராயம் முக்கிய பொருளாக இருந்தது. வடித்த மது ஓடாது, மாறாது. இன்று ருசித்ததை அடுத்த மாதமும் அதே போத்தலில் ருசித்துச் சரிபார்க்கலாம். கள்ளில் அந்த வசதி இல்லை. ஒப்பிட வேண்டிய இரண்டு முட்டியும் ஒரே காலையில் முன்னால் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் ஞாபகம். சூடாக்கிப் போத்தலில் அடைத்த கள்ளு மாதக்கணக்கில் கெடாமல் கடல் கடந்து புலம்பெயர்ந்தோர் கடைகளுக்குப் போகிறது. ஆனால் நொதிப்பு நின்ற கள்ளு, நின்றுபோன மணிக்கூடு மாதிரி. அதை வைத்து ஒரு மரத்தைத் தீர்ப்பிடுவது அநியாயம்.

தமிழுக்கு இந்த ஒப்பீடு புதிதுமல்ல. கள், தேறல், நறவு, தோப்பி என்று சங்கப் பாடல்கள் மதுவை வகை பிரித்துப் பெயரிட்டன. அதே மொழியின் திருக்குறள் 93ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை உணவுக்கே ஆட்கள் தேடிப் போகிறார்கள்.

ருசி பார்க்கும் வட்டம் பெரும்பாலும் ஆண்களுடையது. இலங்கையில் பெண்களுக்கு மது விற்கக்கூடாதென்ற பழைய விதியை 2018 ஜனவரியில் நிதி அமைச்சு நீக்கியது. சில நாளிலேயே ஜனாதிபதியின் உத்தரவால் அது திரும்பி வந்தது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது குற்றம். வெளியூரிலிருந்து பனங்கள்ளை ருசிக்க வருகிறவர் மாரியில் வராமல் கோடையில், விடியற்காலையில் வரவேண்டும். கலண்டரையும் ஒருதரம் பார்த்துக்கொள்வது நல்லது: பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் தவறணை பூட்டியிருக்கும்.