வங்கத்தில் கிறிஸ்தவ ஓவியம்

நற்செய்திக் காட்சிகளை நம் நாட்டு முகத்தோடும் உடையோடும் கோட்டோடும் தீட்டும் கலைமரபு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கொல்கத்தாவிலும் சாந்திநிகேதனிலும் உருவாகி, அங்கே பயின்றவர்கள் வழியாகப் புனே, லக்னோ, சென்னை என்று பரவியது. திருச்சபை கேட்டு வாங்கிய கலை என்று இதைச் சொல்ல முடியாது. தனி ஓவியர்கள் தத்தம் பக்தியாலும் தேடலாலும் வரைந்தார்கள். சில சமயம் திருச்சபையின் முகச்சுளிப்பையும் தாங்கிக்கொண்டு வரைந்தார்கள். இம்மரபின் மிகப் பெரிய பெயரான ஜாமினி ராய் கிறிஸ்தவரே அல்லர்.

கொல்கத்தாவில் விவிலிய ஓவியம் இதற்கு வெகு முன்பே உண்டு. 1787இல் திறக்கப்பட்ட புனித யோவான் தேவாலயத்துக்காக ஜெர்மனியில் பிறந்த யோஹான் ஸோஃபனி 'கடைசி இராவுணவு' வரைந்தார். மாதிரிகள் நகரத்து ஐரோப்பியர்கள். இயேசுவுக்குக் கிரேக்கப் பாதிரியார் பார்த்தீனியோ, யோவானுக்கு போலீஸ் நீதிபதி பிளாக்கியர். யூதாசின் முகம் ஏலக்காரர் டல்லோவுடையது என்றும், அவர் அதற்காகக் கொதித்துப்போனார் என்றும் ஊர்க்கதை. தொங்கும் வாள், எச்சில் படிக்கம், தண்ணீர்த் தோல்பை ஆகியவற்றில்தான் இந்தியா தலைகாட்டுகிறது. 2010இல் செப்பனிடப்பட்ட அந்தப் படம் இன்றும் அங்கேயே இருக்கிறது.

சீர்திருத்தச் சபையினர் படத்தை நாடவில்லை. 1793இல் வங்கத்துக்கு வந்த வில்லியம் கேரியும் தோழர்களும் 1800இல் செராம்பூரில் அச்சகம் நிறுவி, மறு ஆண்டே வங்க மொழியில் புதிய ஏற்பாட்டை வெளியிட்டனர். அவர்களிடம் முதலில் ஞானஸ்நானம் பெற்ற தச்சர் கிருஷ்ண பால் பாட்டுகள் கட்டினார். பாப்டிஸ்ட் ஆராதனைக் கூடத்தின் சுவரில் உருவங்களுக்கு இடமில்லை. ஆகவே நூறாண்டுக்கு மேலாக வங்கக் கிறிஸ்தவரின் மனம் பாடலாகவே வெளிப்பட்டது.

திருப்பம் சுதேசிக் காலத்தில் வந்தது. அதற்கு வழி கோலியவர் தூரிகை பிடிக்காத ஒருவர். பிரம்மபாந்தவ உபாத்யாய் (1861–1907) பிராமணக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கரானவர். காவி உடுத்து, சிலுவை அணிந்து திரிந்தவர். 1898இல் மூவொரு இறைவனைச் சச்சிதானந்தமாக வாழ்த்தும் சமஸ்கிருதப் பாடலை இயற்றியவர். திருச்சபை மேலிடம் அவரைச் சந்தேகத்தோடே பார்த்தது. 1901இல் ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது உடன் நின்றார். ராஜதுரோக வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே இறந்தார். இந்த நாட்டு உடையிலேயே கிறிஸ்துவைத் தொழலாம் என்று வாழ்ந்து காட்டியவர் அவர். ஓவியர்கள் பின்னால் செய்ததும் இதைத்தான்.

1905இல் வங்கப் பிரிவினையின் கொந்தளிப்பில் அவனீந்திரநாத் தாகூர் 'பாரத மாதா'வை வரைந்தார். அவர் முன்னின்று வளர்த்த வங்க ஓவியப் பள்ளி என்ற கலை இயக்கத்தின் தாய்வீடு இதுதான்: நமக்கு வேண்டியதை நாமே வகுத்துக்கொள்வோம் என்ற பிடிவாதம். 1910 முதல் சாந்திநிகேதனில் ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று கிறிஸ்து விழா நடந்துவருகிறது.

அந்தச் சாந்திநிகேதனுக்கு மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு வந்தவர் கோவாக் கத்தோலிக்கர் ஆஞ்செலோ த ஃபொன்சேகா (1902–1967). அவனீந்திரநாத்திடமும் நந்தலால் போஸிடமும் கற்றார். வண்ணம் பூசிய தாளை நீரில் நனைத்து, மறுபடி பூசி, மறுபடி நனைத்துப் பனிபோன்ற மென்மையை வரவழைக்கும் முறை அவர் கைக்கு வந்தது. 1903இல் கொல்கத்தா வந்த யோகோயாமா தைகான் முதலிய ஜப்பானிய ஓவியர்களிடமிருந்து அவனீந்திரநாத் எடுத்துக்கொண்ட முறை அது. ஊர் திரும்பிய ஃபொன்சேகா மரியாளைப் புடவை கட்டிய, மாநிறப் பெண்ணாக வரைந்தார். போர்த்துகீசிய கோவாவால் அதைச் செரிக்க முடியவில்லை. அவர் புனேவுக்குப் போய், ஜாக் வின்ஸ்லோ நிறுவிய கிறிஸ்த பிரேம சேவா ஆசிரமத்தில் தங்கினார். கத்தோலிக்க ஓவியருக்கு இடம் கொடுத்தது ஆங்கிலிக்கன் ஆசிரமம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பம்பாயில் வரலாறு கற்பித்த இயேசு சபைக் குரு ஹென்றி ஹேராஸ் அவருக்கு ஊக்கம் தந்தார். தாய்மை, பிறப்பு, செபம் போன்ற அமைதியான காட்சிகளில் ஃபொன்சேகாவை விஞ்ச ஆளில்லை. ஆனால் நீரில் கரைந்த அந்த வண்ணம் சிலுவைப்பாட்டின் கொடுமையைத் தாங்குவதில்லை.

அதைத் தாங்கியது ஜாமினி ராயின் (1887–1972) தடித்த கோடு. பாங்குரா மாவட்டம் பேலியாத்தோரில் பிறந்து, கொல்கத்தா அரசுக் கலைப்பள்ளியில் ஐரோப்பிய முறை கற்று, உருவப்படங்கள் வரைந்து பிழைத்தவர். பிறகு அதையெல்லாம் உதறிவிட்டு கொல்கத்தாக் காளிகாட் கோயிலடியில் விற்ற படங்களிடமும், பட்டுவாக்கள் எனப்படும் ஊர் ஓவியர்களின் சுருள் ஓவியங்களிடமும் பாடம் கேட்டார். புளியங்கொட்டைப் பசையில் குழைத்த வண்ணம், விளக்குக்கரி, துணி, பாய் என்று பொருள்களையும் மாற்றிக்கொண்டார். கிருஷ்ணனையும் சந்தால் பெண்களையும் வரைந்த அதே கோட்டில் கிறிஸ்துவையும் வரைந்தார்: மீன்விழி, நேர்ப்பார்வை, நிழல் விழாத தட்டை வண்ணம். சிலுவை சுமக்கும் கிறிஸ்து, எகிப்துக்கு ஓடும் குடும்பம், வரிசையாக அமர்ந்த சீடர்கள் எனப் பல படங்கள். பார்த்தவர்களுக்குப் பைசாந்தியத் திருவுருவங்கள் நினைவுக்கு வந்தன. பக்திக்காக வரையாத ஒருவர் இப்படி வழிபாட்டுக்குரிய உருவத்தை எட்டியது இம்மரபின் பெரிய விந்தை. இரண்டாம் உலகப் போரின்போது நகரில் தங்கிய அமெரிக்க, பிரித்தானியப் படையினரும் அவர் படங்களை வாங்கிச் சென்றனர். சாதாரண வீட்டுக்கும் படம் போய்ச் சேரட்டும் என்று குறைந்த விலை வைத்தார். ஒரே படத்தைக் குடும்பத்தாரின் உதவியோடு பல படிகள் செய்தார். கடைசிக் காலத்தில் அவர் கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியில் ஒரு வீட்டில் வாழ்ந்தார். 2023இல் அதை ஒரு கலைக்கூட நிறுவனம் அருங்காட்சியகமாக்குவதற்காக வாங்கியது.

வங்கத்துக்கு வெளியே இம்மரபு ஆசிரியர்கள் மூலம் சென்றது. அவனீந்திரநாத்தின் மாணவர் அசித் குமார் ஹால்தார் லக்னோ கலைப்பள்ளி முதல்வராக இருந்தார். அந்தப் பள்ளியிலிருந்து ஃபிராங்க் வெஸ்லி (1923–2002) வந்தார். அவருடைய 'நீல மரியாள்' யுனிசெஃபின் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் உலகைச் சுற்றியது. காந்தியின் அஸ்திக் கலசத்தை வடிவமைத்தவரும் அவரே. ஆக்ராவில் பிறந்த ஆல்ஃபிரட் தாமஸ் இயேசுவின் வாழ்க்கையை வரைந்த படத்தொகுப்பு 1948இல் லண்டனில் நூலாயிற்று. அவருடைய இயேசு அளவுக்கு மீறி மென்மையானவர். கோயிலில் சாட்டை எடுத்தவர் என்று நம்புவது கடினம்.

சென்னைக் கலைப்பள்ளியில் அவனீந்திரநாத்தின் இன்னொரு மாணவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராயிருந்தார். அவரிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கரும் மயிலாப்பூர் எஸ். தனபாலும் கிறிஸ்துவை எடுத்தாண்டார்கள். இவர்களும் கிறிஸ்தவர் அல்லர். தனபாலின் கிறிஸ்து சிற்பங்கள் தமிழ்நாட்டின் கிறிஸ்தவக் கலை குறித்த பேச்சில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

பிற்காலத்தில் வரைவதே வேத தியானம் என்ற எண்ணம் வெளிப்படையாயிற்று. பெங்களூருக்கு அருகே சில்வேப்புராவில் ஜோதி சாஹி கலை ஆசிரமம் அமைத்தார். ஆந்திர லூத்தரன் போதகர் பி. சாலமன் ராஜ் (1921–2019) விஜயவாடாவில் மரச்செதுக்கு அச்சிலும் பாத்திக்கிலும் லூக்கா நற்செய்தியை ஏழைகளின் கதையாக விரித்தார். 1978இல் ஆசியக் கிறிஸ்தவக் கலைச் சங்கம் தோன்றி இத்தகையோரை இணைத்தது. மேற்கு மேதினிப்பூர் மாவட்டம் நயா கிராமத்தின் முஸ்லிம் பட்டுவாக்களோ இயேசுவின் கதையைச் சுருளில் வரைந்து, பாடிக் காட்டுகிறார்கள்.

ஃபொன்சேகா ஓவியங்களின் பெரிய தொகுப்பு கோவா போர்வோரிமில் உள்ள சேவியர் வரலாற்று ஆய்வு மையத்தில் இருக்கிறது. அவரை ஏற்க மறுத்த மண்ணுக்கே அவை திரும்பியுள்ளன. ஜாமினி ராயின் படைப்புகள் தேசியக் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டவை. இந்தியாவில் உள்ள அவருடைய கிறிஸ்து ஓவியங்களை விற்பதற்காக வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்லச் சட்டத்தில் இடமில்லை.