தீ காட்டிய கூடு

1954-ஆம் ஆண்டு சூன் மாத இறுதி. கனடா நாட்டின் வூட் பஃபலோ தேசியப் பூங்காவில் மூண்ட காட்டுத்தீயைத் தணிக்கும் பணியில் இருந்த வன அலுவலர் ஒருவர் ஹெலிகாப்டரில் திரும்பிக்கொண்டிருந்தார். கீழே சதுப்பு நிலத்தில் வெண்ணிறப் பெரும்பறவைகள் அவர் கண்ணிற் பட்டன. பறவையியலார் நெடுங்காலம் தேடியும் காணாத ஊப்பிங் கொக்கின் கூடு கட்டும் இடம் இவ்வாறுதான் வெளிப்பட்டது. தேடியவர்க்குக் கிட்டாததைத் தீயை அணைக்கச் சென்றவர் கண்டார்!

ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள இக்கொக்கு வட அமெரிக்கப் பறவைகளுள் மிக உயரமானது. நெடுந்தொலைவு கேட்கும் குரலால் பெயர் பெற்றது. வேட்டையாலும், சதுப்பும் புல்வெளியும் உழுநிலமானதாலும் அதன் இனம் தேய்ந்தது. 1941-இல் காட்டில் எஞ்சியவை ஏறத்தாழ இருபதே. கனடாவிலிருந்து 4,000 கிலோமீட்டர் பறந்து அவை குளிர்காலம் கழிக்குமிடம் டெக்சாஸ் மாநிலக் கடற்கரையிலுள்ள அரன்சாஸ். 1937-இல் அமெரிக்க அரசு அதனைக் காப்பிடமாக்கியது. வேலியிட்டு வேட்டையைத் தடுத்தால் போதும் என்பதே அக்காலத்துப் பொதுவான எண்ணம்.

ஆனால் புல்வெளி வேலியால் மட்டும் வாழ்வதன்று. 1528-இல் டெக்சாஸ் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கிய ஸ்பானியர் கபேசா தெ வாகா, அங்குள்ள பழங்குடியினர் கொசுவை ஓட்டவும் மானை மடக்கவும் சமவெளிக்குத் தீயிட்டதைப் பதிவு செய்துள்ளார். அவர்கள் பறவைக்காக எரிக்கவில்லை. தம் வயிற்றுக்காகவே எரித்தனர். எனினும் அத்தீயும் மின்னல் மூட்டிய தீயும் புதர்களை ஒடுக்கிப் புல்லைக் காத்தன. பின்வந்த குடியேறியவர்களோ தீயைப் பகையாகவே கண்டனர். 1910-இல் ஐடாஹோ, மொன்டானா மாநிலங்களில் பெருங்காடுகள் எரிந்தபின், தீ எதுவாயினும் அணைக்கப்பட வேண்டும் என்பது அரசின் உறுதியான கொள்கையாயிற்று. மூண்ட தீயை மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்க வேண்டுமென 1935-இல் அமெரிக்க வனத்துறை விதியே வகுத்தது. அச்சத்தில் பிறந்த கொள்கை அது. அச்சத்திற்குக் காரணமும் இருந்தது.

விளைவு மெல்லப் புலனாயிற்று. தீ படாத அரன்சாஸ் மேட்டு நிலத்தில் லைவ் ஓக் மரம் குட்டைப் புதராய் அடர்ந்தது. அதன் கொட்டைகள் கொக்குக்கு நல்ல உணவு. ஆனால் காட்டுப்பூனை பதுங்கக்கூடிய புதருக்குள் கொக்கு கால் வைக்காது. நாற்புறமும் பார்வை எட்டும் வெளியே அதற்கு அரண்.

ஆதலால் காப்பிடத்தார் தாமே தீ மூட்டலாயினர். காற்றின் திசையும் வேகமும் ஈரமும் பார்த்து, எல்லையிற் புல்லற்ற தடம் அமைத்து, பகுதி பகுதியாக எரிப்பர். மதுரையை எரித்த தீ முதியோரையும் குழந்தைகளையும் விட்டொழிந்ததென்பது இலக்கியம்; இத்தீ எல்லையோடு நிற்பதற்கோ மனிதர் காவல் வேண்டும். எரிந்த சில நாட்களிலேயே கொக்குகள் கரிந்த நிலத்தில் இறங்கி, சுட்ட ஓக் கொட்டைகளையும் மறைவிழந்த சிற்றுயிர்களையும் பொறுக்குகின்றன. தீயிட்ட மேட்டு நிலத்தைக் கொக்குகள் பயன்படுத்துவதைப் பற்றிய விரிவான ஆய்வொன்று 1996-இல் வெளிவந்தது.

இருப்பினும் தீயால் எல்லாம் கூடுமென்று கொள்வது பிழை. கொக்கின் தலையாய உணவு உப்புச் சதுப்பில் வாழும் நீலநண்டு. அந்நண்டுக்கு ஆற்று நன்னீர் கடல் முகத்தில் கலக்க வேண்டும். 2008-09 குளிர்காலத்து வறட்சியில் ஆறு இளைத்தது, நண்டு அருகியது, 23 கொக்குகள் மாண்டதாகக் காப்பிடத்தார் கணக்கிட்டனர். மேட்டு நிலத்துத் தீ ஆற்று நீருக்கு ஈடாகுமா? வழக்கு நீதிமன்றம் ஏறியது. மாநிலம் நீர் ஒதுக்கிய முறையே பறவைகளின் சாவுக்குக் காரணமென 2013-இல் கீழ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014-இல் மேல் நீதிமன்றம் அதனை மாற்றியது.

அரன்சாஸுக்கு வரும் கொக்குகள் இப்போது 500-ஐத் தாண்டிவிட்டன. ஆற்று நீர் யாருக்கு எவ்வளவு என்னும் வாதம் இன்னும் ஓயவில்லை.